தோட்டா அடைக்கும் மிஷினும் முந்நூறு பத்திரிகையும்

நான் வாத்து திருடியவன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் வீட்டில் இருப்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லும்போது இரண்டு வாத்து இருபது வாத்தாகிவிடும். நான் தேம்பித் தேம்பி அழுததாகவும் ஒரு காட்சி சேர்ந்துவிடும். நான் அழவில்லை. (கண் கலங்கியது உண்மை. அது வேறு.)

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மிஷின். சுட்ட தோட்டாவை வீட்டிலேயே மறுபடி அடைக்கும் மிஷின். தப்பான மிஷினை வாங்கினேன். அவசரப்பட்டு வாங்கியிருந்தாலாவது மன்னிக்கலாம். மூன்று சனிக்கிழமை கடை ஏறி இறங்கி, நன்றாக யோசித்து, தப்பானதை வாங்கினேன். இப்படிப்பட்டவனை உதைக்காமல் விட்டது அந்தக் காலத்து ரங்கூன்காரர்களின் பெருந்தன்மை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்து நாலு வயது. பசுண்டாங் கால்வாயோரம் ஓர் அரிசி மில்லில் கிடங்குக் குமாஸ்தா. மில்லில் உமி எரியும் வாசனை என் சட்டையில் எப்போதும் இருக்கும். இன்றைக்கும் எங்காவது உமி புகைந்தால் நான் நின்றுவிடுகிறேன். சாயங்காலம் டிராம் ஏறினால் டிக்கெட் கொடுப்பவன் தமிழ் பேசுவான், பக்கத்தில் உட்கார்ந்தவர் தெலுங்கு பேசுவார், எதிரில் சுருட்டுப் பிடிக்கும் பர்மாக்காரக் கிழவி மூன்று பேரையும் சேர்த்துத் திட்டுவாள். நல்ல ஊர். அந்த நல்ல ஊரில் நான் ஒரு முட்டாளாக இருந்தேன்.

என்னிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. ஊருக்குத் திரும்பிய ஓர் என்ஜின் டிரைவரிடம் வாங்கிய பழைய இரட்டைக் குழல். மில் மானேஜர் எழுதிக் கொடுத்த சிபாரிசில் லைசென்ஸும் கிடைத்தது. துப்பாக்கி வைத்திருக்கும் தமிழ்க் குமாஸ்தா அந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். அதனால் தலை கொஞ்சம் கனத்திருந்தது. கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. பெண் சிவகாமி. அவள் அப்பா வைத்தியலிங்கம், சூலே பகோடாவுக்குப் பக்கத்துக் கோர்ட்டில் துபாஷி. தமிழில் சொல்வதைப் பர்மா பாஷையிலும், பர்மா பாஷையில் சொல்வதை இங்கிலீஷிலும் மாற்றி ஜட்ஜுக்குச் சொல்லுகிற வேலை. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு வார்த்தை கூட்டியதில்லை, குறைத்ததில்லை என்று பெயர்.

நிச்சயதார்த்தத்தன்று அவர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, வயல் சேற்றில் மேயும் உள்ளான் பறவையின் கறி என்றால் அவருக்கு உயிர். இன்னொன்றை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே தருகிறேன்.

"பொய் சொல்ற ஆளுக்கு என் பொண்ணு கிடையாது. நாள் பூரா கோர்ட்ல அதைத்தான் மொழிபெயர்க்கிறேன். வீட்டுக்கும் வந்து அதைக் கேக்க என்னால முடியாது."

நான் உள்ளானை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை உள்ளான் அனுப்புகிறேன் என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தேன். அதுவரை நான் சுட்டிருந்தது இரண்டே உள்ளான். அதில் ஒன்று ஏற்கெனவே நொண்டி.

வாக்கைக் காப்பாற்றத் தோட்டா வேண்டும். கடைத் தோட்டா என் சம்பளத்துக்குக் கட்டாது. சுட்ட தோட்டாவின் காகிதக் குழாய் முழுசாகத்தான் இருக்கும். அதில் மறுபடி வெடிமருந்து வைத்து, மேலே ஒரு தடித்த கம்பளி வட்டை இறுக்கி, ஈய ரவையைக் கொட்டி, ஓர் அட்டை வட்டால் மூடி, குழாயின் வாயை உள்பக்கம் மடித்துச் சுருட்டினால் புதுத் தோட்டா தயார். அதைச் செய்ய ஒரு கைமிஷின். அதை வாங்கத்தான் போனேன்.

கூட வந்தவன் தாவீது. ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். மிஷின் என்றால் காதை வைத்துக் கேட்டே வியாதி சொல்லுவான். அவனை அழைத்துப் போய்விட்டு அவன் சொன்னதைக் கேட்காமல் வந்தேன் பாருங்கள், அங்கேதான் நான் நிற்கிறேன்.

கடையில் மூன்று மிஷின் இருந்தன. முதலாவது சின்னது. மேசை ஓரத்தில் திருகி மாட்டுவது. கைப்பிடியைச் சுற்றினால் தோட்டாவின் வாயை மடிக்கும், அவ்வளவுதான். பார்க்கக் கறி அரைக்கிற மிஷின் மாதிரி இருந்தது. இரண்டாவது இரும்பு ராட்சசன். தரையில் போல்ட் போட்டு நிறுத்தி, நெம்புகோலை இழுக்க வேண்டும். எங்கள் மாடியறையில் அதை நிறுத்தினால் கீழ் வீட்டுக்காரர் தலையில்தான் போய் நிற்கும். மூன்றாவது, ஐயோ, மூன்றாவது. பளபளவென்று நிக்கல் பூச்சு. உள்ளே பச்சை வெல்வெட் தைத்த பெட்டி. பிடிக்குக் கருங்காலி. அதோடு ஓர் உருக்கு உளி இலவசம். வட்டமான வாய். அட்டையின் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் தோட்டாவுக்குள் சரியாக இறங்கும் வட்டு வெட்டி விழும்.

தாவீது மூன்றையும் சுற்றிப் பார்த்தான். மூன்றாவதன் கைப்பிடியை ஆட்டினான். அது லொடலொடவென்றது.

"டேய் தங்கவேலு, வாயை மடிக்கிறதுதான் இதுல வேலை. மத்ததெல்லாம் வேடிக்கை. சின்னதை வாங்கு. கம்பளி வட்டு இங்கயே விக்கிறாரு, அதையும் வாங்கு. வீட்டுக்குப் போலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. (எனக்கு எப்போதும் வரும். இப்போதும்.) வட்டு எதற்கு விலைக்கு வாங்க வேண்டும், வெட்டுகிற உளி இலவசமாக வரும்போது என்றேன். அட்டைக்கு எங்கே போவாய் என்றான் தாவீது. அட்டை என்னிடம் இருந்தது. முந்நூறு அட்டை இருந்தது.

அது எப்படி என்றால், எங்கள் கல்யாணம் முதலில் ஆவணியில் வைத்திருந்தது. சிவகாமியின் தாய்மாமன் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வர வேண்டியவர். ஏறுவதற்கு முந்தைய நாள் அவருக்குக் காய்ச்சல். கப்பல் அவரை விட்டுவிட்டு வந்துவிட்டது. தாய்மாமன் இல்லாமல் தாலி கட்டுவதில்லை என்று முகூர்த்தம் தைக்குப் போயிற்று. அதற்குள் பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. துபாஷி வீட்டுக் கல்யாணம் என்பதால் துரைமார் வீட்டு விருந்துக்கு அடிப்பது போல நல்ல தடித்த அட்டை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தார்கள். மஞ்சள் தடவிய பத்திரிகையைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பங்கு முந்நூறும் என் தகரப் பெட்டியில் கிடந்தது.

மூன்றாவது மிஷினையே வாங்கினேன். தாவீது டிராமில் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, மிஷினை மாட்ட மேசை வேண்டும். எங்கள் அறையில் மேசை ஏது? நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், தரையில் படுக்கிறவர்கள். கடைசியில் ஜன்னல் கட்டையில் திருகினேன். கைப்பிடி வெளிப்பக்கம் போய்விட்டது. பாதி உடம்பைத் தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டுதான் சுற்ற முடியும். எதிர் வீட்டு அம்மாள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, சேவையா பிழியிறீங்க, நாழி புதுசா இருக்கே" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்க ஒரு கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பத்திரிகையை வெட்ட ஆரம்பித்தேன். முதலில் போனது பிள்ளையார் சுழி. என் பெயர் வந்தபோது கொஞ்சம் தயங்கினேன். சிவகாமி பெயர் வந்தபோது தயங்கவில்லை. அது அட்டையின் நடுவில், தட்டுவதற்கு வசதியாக இருந்தது. கம்பளி வட்டு வாங்காததால் அதன் இடத்தையும் அட்டையாலேயே நிரப்பினேன். ஒரு தோட்டாவுக்கு ஏழெட்டு அட்டை. எங்கள் கல்யாணத்தின் பெரியவர்கள், தேதி, இடம், நல்வரவு எல்லாம் அடுக்கடுக்காக உள்ளே போயிற்று.

கம்பளி ஏன் வைக்கிறார்கள் என்றால், அது குழலை இறுக்கி அடைத்துக்கொண்டு மருந்தின் வேகத்தை ரவைக்குப் பின்னால் பிடித்து நிறுத்தும். அட்டை பிடிக்காது. வேகம் ஓரமாகக் கசிந்துவிடும். இது தாவீதுக்குத் தெரியும். நான் அவனிடம் கேட்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை நானும் தாவீதும் தாகேதா பக்கம் சம்பான் படகில் கால்வாயைக் கடந்து போனோம். அப்போது அங்கே வீடுகள் இல்லை. வயல், சேறு, நாணல். விடியும்போது வயல் முழுக்கப் பனி கிடக்கும். தூரத்தில் ஷ்வேடகோன் பகோடாவின் உச்சி மட்டும் மிதப்பது போலத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பியிருந்தால் என் வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை. நான் சுட்டேன். என் தோட்டா "புஸ்" என்றது. உள்ளான் எழுந்து, திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் போயிற்று. வைத்தியலிங்கம் கோர்ட் ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார்: துப்பாக்கி இருக்கிறது என்று கேள்வி, பறவை இருப்பதாகத் தகவல் இல்லை.

நாலாவது ஞாயிறு. கார்த்திகை மாதம், அறுவடை முடிந்து தாள் நிற்கும் வயல். தாவீது சம்பானைக் கட்டிவிட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தான். பனிக்குள்ளிருந்து வாத்துக் கூட்டம் ஒன்று வந்தது. காட்டு வாத்து ஆளைக் கண்டால் பறக்கும். இவை என்னைக் கண்டதும் ஓடி வந்தன. கத்திக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு, நேராக என் காலடிக்கு. எந்த மனுஷனுக்கும் இதில் ஏதோ இடிக்கும். எனக்கு இடிக்கவில்லை. கடைசியில் என் அதிர்ஷ்டம் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். பத்தடி தூரத்தில் இரண்டு குழலையும் தட்டினேன். அந்தத் தூரத்தில் என் தோட்டாவுக்கும் பலம் இருந்தது.

இரண்டு விழுந்தன. மற்றவை கலைந்து ஓடின. எடுத்துப் பார்த்தால் காலில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

தாவீது வந்து நூலைப் பார்த்தான். இது யாரோ வளர்க்கும் வாத்து, குடிசை அதோ தெரிகிறது, போய்ச் சொல்லிவிட்டு வா என்றான். நான் வாயை மூடு என்றேன். பேனாக்கத்தியை எடுத்து நூலை அறுத்து எறிந்தேன். இதுதான் நான் செய்தது. சுட்டதைத் தவறு என்று சொல்லலாம். நூலை அறுத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

அன்றைக்கு மத்தியானமே இரண்டு வாத்தும் துபாஷி வீட்டுக்குப் போயின. சிறகி, காட்டு வாத்து என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. காட்டு வாத்தில் இவ்வளவு கொழுப்பை அவர் தம் ஆயுளில் கண்டதில்லையாம். கறி, வறுவல், சூப்பு மூன்றும் பிரமாதமாம்.

புதன்கிழமை சாயங்காலம் என்னை வரச் சொல்லி ஆள் வந்தது. கல்யாண விஷயமாக இருக்கும் என்று தலை வாரிக்கொண்டு போனேன்.

கூடத்தில் ஒரு பர்மாக்கார அம்மாள் பாயில் உட்கார்ந்திருந்தாள். டோ மியா என்று பெயர். தாகேதாவில் வாத்து மேய்க்கிறவள். வைத்தியலிங்கம் நாற்காலியில், வீட்டுக்குள்ளும் கோர்ட்டுக் கோட்டோடு. அவருக்கு முன்னால் முக்காலியில் சின்னச் சின்ன வட்டு. சில கருகியிருந்தன. சிலவற்றில் மஞ்சள்.

நடந்தது இதுதான். டோ மியா சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். வாத்தும் இல்லை, ஆளும் இல்லை. சேற்றில் வட்டு வட்டாக அட்டை கிடந்தது. அதில் ஏதோ எழுத்து. பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டாள். இது தமிழ் எழுத்து, படிக்க வேண்டுமானால் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சயா (நம் ஊரில் வாத்தியார் ஐயா) இருக்கிறார், நல்லவர், இலவசமாகப் படித்துச் சொல்லுவார் என்று ஊரில் சொல்லியிருக்கிறார்கள். சயாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்திருக்கிறார். முதல் வட்டில் "நல்வர". இரண்டாவதில் "சிவகா". மூன்றாவதில் "த்தியலி". தம் பெயரின் நடுப்பகுதியைத் தாமே படித்திருக்கிறார்.

அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. எனக்குப் பர்மா பாஷை நன்றாகத் தெரியும், அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மாள் பேசி முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பி, கோர்ட்டுக் குரலில் தமிழில் சொன்னார்.

"'இந்த வாத்துகள் என்னுடையவை. முட்டையிடும் வாத்துகள். காலில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். சுட்டவர் யார்?' என்று கேட்கிறார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அச்சாபீசில் யாராவது பத்திரிகையை எடுத்திருக்கலாம் என்றேன். முந்நூறு பத்திரிகை என் பெட்டியில் இருப்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வைத்தியலிங்கம் முக்காலியில் இருந்த வட்டுகளை வரிசையாக அடுக்கினார். பிறகு கேட்டார். "இதை நான் அப்படியே அந்தம்மாகிட்ட சொல்லணுமா? சொல்லிட்டேன்னா அதுதான் உங்க வாக்குமூலம். அப்புறம் மாத்த முடியாது."

மாற்ற முடியாதது வாக்குமூலம் மட்டுமில்லை என்று எனக்கு விளங்கியது. நிச்சயதார்த்தத்தன்று அவர் சொன்ன மற்ற விஷயம் அப்போதுதான் காதில் ஏறியது.

கதவுக்குப் பின்னாலிருந்து சிவகாமி பேசினாள். கல்யாணத்துக்கு முன்னால் நான் கேட்ட அவள் குரல் அதுதான்.

"அப்பா, அவர் இன்னும் பதில் சொல்லலை. அது யோசனை. யோசனையை மொழிபெயர்க்க வேணாம்."

அவர் தலையை ஆட்டினார். சரி, பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"நான்தான் சுட்டேன்" என்றேன். "காட்டு வாத்துன்னு நினைச்சு சுட்டேன். அப்புறம் நூலைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் அறுத்துப் போட்டேன்."

ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் சொன்னார். "பாத்துட்டுத்தான்" என்பதற்குப் பர்மா பாஷையில் அவ்வளவு அழுத்தமான சொல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். டோ மியா அடுத்த கேள்வி கேட்டாள். அவர் என்னிடம் திரும்பினார்.

"'என் வாத்துகள் இப்போது எங்கே?' என்று கேட்கிறார்."

"சாப்பிட்டாச்சு."

அதைச் சொன்னார். அவள் கேட்டாள். "'தின்றவர் யார்?' என்று கேட்கிறார்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். என்னை இரக்கமில்லாதவன் என்று நினைக்காதீர்கள். உண்மை சொல்லச் சொன்னது அவர்.

"நீங்கதான்" என்றேன்.

வைத்தியலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோட்டின் மேல் பொத்தானைப் போட்டார். இருபத்தைந்து வருஷமாகக் கொலை, கொள்ளை, ஜீவனாம்சம் எல்லாவற்றையும் கண் சிமிட்டாமல் சொன்ன மனுஷர். டோ மியாவைப் பார்த்து, தெளிவாக, கோர்ட்டுக் குரலில், தின்றவர் இந்த சயா என்று பதில் சொல்கிறார், அதாவது துபாஷியாகிய நான் என்று மொழிபெயர்த்தார்.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு ஒரே வார்த்தை கேட்டாள். அது அவரிடம் கேட்ட கேள்வி. அவரே பதில் சொல்லியிருக்கலாம். பழக்க தோஷம், என் பக்கம் திரும்பிவிட்டார்.

"'இரண்டையுமா?' என்று கேட்கிறார்."

"ரெண்டையும்தான். சூப்பும் வச்சாங்க."

கதவுக்குப் பின்னால் யாரோ புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கும் சத்தம். டோ மியாவின் வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆனால் தீர்ப்பை அவள் குறைக்கவில்லை. போலீஸ் வேண்டாம். வாத்துக்கு வாத்து வர வேண்டும், முட்டையிடுவதாக. அவள் புருஷன் காலில் முள் தைத்துச் சீழ் பிடித்துக் கிடக்கிறான், மேய்க்க ஆள் இல்லை. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை மேய்ச்சலுக்குச் சுட்டவரும் வர வேண்டும், தின்றவரும் வர வேண்டும். இதையும் அவர் எனக்கு மொழிபெயர்த்தார். கடைசி இரண்டு வார்த்தையில் குரல் கொஞ்சம் இறங்கியது.

கல்யாணம் உண்டா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் துணியவில்லை. வாசல் வரை வந்து, "ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிக்குப் படகுத்துறை, குமாஸ்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். குமாஸ்தா. அதற்கு முன்னால் என்னைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

மிஷினைத் தாவீது எடுத்துக்கொண்டான். உருக்கி ஏதோ ஒரு பம்புக்கு வால்வு செய்தானாம். மிச்சப் பத்திரிகையைச் சிவகாமியின் அம்மா வந்து எண்ணி வாங்கிக்கொண்டு போனாள்.

முதல் ஞாயிறு. நானும் துபாஷியும் சம்பானில் எதிரெதிரே உட்கார்ந்து கால்வாயைக் கடந்தோம். டோ மியா ஆளுக்கொரு நீண்ட மூங்கில் கொடுத்து வயலில் இறக்கிவிட்டாள். நூற்றைம்பது வாத்து. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். கோர்ட்டில் எழுந்து நின்றால் ஜட்ஜே பேச்சை நிறுத்துவார். வாத்துகள் நிறுத்தவில்லை. அவர் பர்மா பாஷையில் அதட்டினார். பிறகு தமிழில். பிறகு, கடவுளே, இங்கிலீஷில். எதற்கும் ஒரு வாத்தும் திரும்பவில்லை. நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மத்தியானம் வரை அப்படியே நடந்தோம். வெயில் ஏறிவிட்டது. கூட்டத்தைக் குடிசைப் பக்கம் திருப்பும்போது ஒரு வாத்து பிரிந்து, என் காலுக்குப் பக்கமாக நாணலுக்குள் ஓடியது. நான் கவனிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு எல்லாம் முடிந்துவிடுமோ, தாய்மாமன் இனிமேல் யார் கல்யாணத்துக்கு வருவார் என்று எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். வயலின் அந்தப் பக்கத்திலிருந்து அவர் கத்தினார்.

"மாப்பிள்ளை, உங்க பக்கம் ஒண்ணு ஓடுது."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் மூங்கிலை ஆட்டி மறுபடி கத்தினார், அதே வார்த்தைகளை, ஒன்று கூட்டாமல், ஒன்று குறைக்காமல். நான் நாணலுக்குள் பாய்ந்தேன். கண் கலங்கியது அப்போதுதான். வாத்து தப்பிவிட்டது. பிறகு அதுவே திரும்பி வந்தது.

தையில் கல்யாணம் நடந்தது. டோ மியா வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால், குழந்தை குளிக்காமல் நழுவினால், யாராவது பேச்சில் பொய்யை நுழைத்துவிட்டுத் தப்பிக்கப் பார்த்தால், சிவகாமி இருந்த இடத்திலிருந்தே அவள் அப்பா குரலில் கூப்பிடுவாள்: "மாப்பிள்ளை, உங்க பக்கம் ஒண்ணு ஓடுது." எனக்குக் கோபம் வரும். ஆனால் எழுந்து ஓடிவிடுவேன்.